சட்டை ஒன்று, பை ஐந்து: பொழுதுபோக்கு நிறுவனத்தின் அறக்கட்டளைக் கணக்கைத் துருவுவது எப்படி

ஒரு பெரிய சினிமா கம்பெனியோ டிவி கம்பெனியோ இத்தனை மில்லியன் டாலர் நன்கொடை என்று அறிவித்த உடனே நம்மில் பாதிப் பேர் கை தட்டுகிறோம், மீதிப் பேர் “எல்லாம் வரியை மிச்சம் பிடிக்கிற வேலை” என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். இரண்டும் சோம்பேறித்தனம்தான். அமெரிக்க நிறுவனமாக இருந்தால், அந்தப் பணம் யார் கைக்குப் போனது, அதே நிறுவனம் அதே வருடத்தில் எந்த அரசியல்வாதிக்கு எவ்வளவு கொடுத்தது, எந்த மசோதாவுக்காக வாஷிங்டனில் ஆள் வைத்து நடையாய் நடந்தது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடி, பைசா செலவில்லாமல், இரண்டு மூன்று சாயங்காலங்களில் ஓரளவுக்குத் தேடி எடுத்துவிடலாம். நான் கொஞ்ச காலமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், ஆரம்பத்தில் சொதப்பியும் இருக்கிறேன். அந்தச் சொதப்பல்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, சட்டை ஒன்றுதான் ஆனால் பை ஐந்து. அறக்கட்டளை ஒரு பை. நிறுவனம் தன் கல்லாவிலிருந்து நேராக எடுத்துக் கொடுப்பது இரண்டாவது. ஊழியர்களிடம் வசூலித்து வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் அரசியல் குழு, அங்கே ‘பேக்’ என்பார்கள், அது மூன்றாவது. மாநிலத் தேர்தல்களுக்குப் போகும் கம்பெனிப் பணம் நான்காவது. சட்டம் இயற்றுபவர்களைத் தன் பக்கம் இழுக்க ஆள் வைத்துப் பேசுவதற்கு ஆகும் செலவும் (லாபி), ஒரே தொழிலில் இருக்கும் கம்பெனிகள் கூடி நடத்தும் சங்கங்களுக்குக் கட்டும் சந்தாவும் ஐந்தாவது. ஒவ்வொரு பைக்கும் வேறு சட்டம், வேறு படிவம், வேறு இணையதளம். பத்திரிகைச் செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டு பைகள்தான், மற்ற மூன்றும் நீங்கள் தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

பெயரை நம்பாதீர்கள்

‘ஃபவுண்டேஷன்’ என்று பெயரில் இருப்பதாலேயே அது சட்டப்படி தனி அறக்கட்டளை ஆகிவிடாது. சில நிறுவனங்கள் தங்கள் நன்கொடைத் துறைக்கே அப்படிப் பெயர் வைத்துவிடும், ‘ஃபண்ட்’, ‘கேர்ஸ்’, ‘இனிஷியேட்டிவ்’ என்றும் வைக்கும். எனவே முதல் வேலை, அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கத்துக்குப் போய் அந்தப் பெயரைத் தட்டுவது. தனி அமைப்பாக இருந்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று வரும், நம் ஊர் பான் எண் மாதிரி. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி பெயரால் தேடவே தேடாதீர்கள், எண்ணால் மட்டும் தேடுங்கள். இது ஏன் என்றால், நான் ஒருமுறை கிட்டத்தட்ட ஒரே பெயருள்ள இரண்டு அறக்கட்டளைகளைக் குழப்பி, ஒரு ஊரின் நூலகத்துக்கு உதவிசெய்துகொண்டிருந்த ஒரு குடும்ப அறக்கட்டளையின் கணக்கை ஒரு ஸ்டூடியோவின் கணக்கு என்று நினைத்து ஒரு முழு ராத்திரி படித்திருக்கிறேன். காலையில்தான் உறைத்தது.

எண்ணே கிடைக்கவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் இரண்டாவது பை. நிறுவனம் நேரடியாகக் கொடுக்கும் நன்கொடையைப் பெயர்வாரியாக வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் கிடையாது. வருடாந்தர சமூகப் பொறுப்பு அறிக்கை என்று வண்ணப் படங்களோடு ஒன்று வரும், அதில் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும், அங்கே அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, கொடுத்தால் வரியில் கழிவு உண்டு, அவ்வளவுதான்.

அந்த வண்ண அறிக்கையைப் படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இது ரொக்கமா, பொருளா? பொழுதுபோக்கு நிறுவனங்களிடம் இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம், ஏனென்றால் அவர்களிடம் இலவசமாகக் கொடுக்க நிறைய இருக்கிறது. பூங்கா டிக்கெட், விளம்பர நேரம், சிறப்புக் காட்சி, பொம்மை. ராத்திரி இரண்டு மணிக்கு எப்படியும் விற்காத விளம்பர நேரத்தில் ஒரு விழிப்புணர்வுப் படத்தைப் போட்டுவிட்டு அதை முழு விலைக்குக் கணக்கில் ஏற்றினார்களா, அல்லது தங்களுக்கு ஆன செலவை மட்டும் ஏற்றினார்களா என்பதைப் பொறுத்து மொத்தத் தொகை எங்கேயோ போய்விடும்.

படிவத்தைத் திறங்கள்

எண் கிடைத்ததும் ப்ரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான தேடல் பக்கத்துக்குப் போங்கள். இலவசம், பதிவு செய்யத் தேவையில்லை. தனியார் அறக்கட்டளை (ஒரு நிறுவனமோ குடும்பமோ போட்ட பணத்தில் நடப்பது) என்றால் ஃபார்ம் 990-பி.எஃப். என்ற படிவம் வருடத்துக்கு ஒன்றாக அடுக்கி இருக்கும். மூன்று நான்கு வருடங்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பழைய படிவங்கள் பல ஸ்கேன் செய்த படங்கள், சில பக்கங்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும், தேடுபொறியில் ஒரு சொல்லும் அகப்படாது, கண்ணால்தான் படிக்க வேண்டும். 2019-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆனதால் அண்மைக்காலப் படிவங்கள் கொஞ்சம் சுலபம்.

முதல் பக்கத்தில் இரண்டே வரிகள் (‘லைன்’கள்) போதும். வரி 1, அந்த வருடம் அறக்கட்டளைக்கு வந்த நன்கொடை. வரி 25, அறக்கட்டளை வெளியே கொடுத்த மானியம். இரண்டும் வருடா வருடம் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது வெறும் குழாய்: கம்பெனி ஒரு பக்கம் ஊற்றுகிறது, மறுபக்கம் வழிகிறது, கம்பெனிக்கு ஒரு வருடம் லாபம் சரிந்தால் இங்கேயும் வற்றும். மாறாக, வரி 1 சுழியமாக இருந்தும் வரி 25 நிலையாக ஓடினால் உள்ளே பெரிய முதலீடு இருக்கிறது என்று அர்த்தம். பொதுவாகத் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் 5 சதவீத அளவுக்கு வருடந்தோறும் அறப்பணிக்குக் கொடுத்தாக வேண்டும், முதலீட்டு வருமானத்தில் 1.39 சதவீதம் வரியும் கட்ட வேண்டும்.

அப்புறம் நிர்வாகிகள் பட்டியல். அதில் உள்ள பெயர்களை நிறுவனத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் கம்பெனியின் துணைத் தலைவர்களாகவும், எல்லோருக்கும் சம்பளம் சுழியமாகவும் இருந்தால், முடிவு எடுக்கப்படும் மேஜை எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் ‘சுதந்திரமான அறக்கட்டளை’ என்று யாராவது சொன்னால் புருவத்தை உயர்த்த இது போதும்.

அடுத்து, மானியப் பட்டியல். படிவத்தின் பின்பகுதியில் இருக்கும், பல சமயம் “இணைப்பைப் பார்க்க” என்று எழுதிவிட்டு ஐம்பது அறுபது பக்கத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். பெறுபவர் பெயர், முகவரி, அவருடைய வரி நிலை, நோக்கம், தொகை. நோக்கம் என்ற கட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு “பொதுச் செலவுக்கு” என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள், அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது, கீழே வருகிறேன்.

பட்டியலில் 50 டாலர், 100 டாலர் என்று சின்னச் சின்ன தொகை நூற்றுக்கணக்கில் வந்தால் அது ஊழியர்களின் நன்கொடைக்கு ஈடாக நிறுவனம் போடும் பங்கு. அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம், நீங்கள் நூறு கொடுத்தால் கம்பெனியும் நூறு போடும். இந்த வரிகளை வைத்து “ஸ்டூடியோ இன்ன அமைப்பை ஆதரிக்கிறது” என்று எழுதிவிடாதீர்கள், அது ஏதோ ஒரு கேமரா உதவியாளரின் விருப்பமாக இருக்கலாம். முதலில் இவற்றை ஒதுக்கிவிட்டுப் பெரிய தொகைகளை மட்டும் தனித் தாளில் எழுதுங்கள்.

இன்னொரு பொறி. பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கும்: இந்த வருடம் கொடுத்தது, இனி கொடுப்பதாக ஒப்புக்கொண்டது. இரண்டையும் கூட்டினால் அடுத்த வருடப் படிவத்தில் அதே தொகை மறுபடி வரும், நீங்கள் இரட்டிப்பாக எண்ணிவிடுவீர்கள். நான் செய்த இரண்டாவது சொதப்பல் இதுதான், அதுவும் நாலு பேருக்கு அனுப்பிய பிறகு.

அறக்கட்டளை அரசியல் பேசலாமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1969-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளை இறுக்கிப் பிடித்தது. தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகவோ எதிராகவோ ஒரு டாலர்கூடச் செலவிடக் கூடாது. மசோதாவை ஆதரித்தோ எதிர்த்தோ லாபி செய்யக் கூடாது, செய்தால் அந்தச் செலவின் மேல் தண்ட வரி, இன்றைய கணக்கில் 20 சதவீதம். படிவத்திலேயே “சட்டமியற்றுவதில் செல்வாக்குச் செலுத்தச் செலவிட்டீர்களா” என்று ஒரு கேள்வி இருக்கிறது, நான் பார்த்த ஒவ்வொரு படிவத்திலும் ‘இல்லை’ கட்டத்தில்தான் குறி இருந்தது.

ஆனால் வழக்கு நடத்தப் பணம் கொடுப்பது லாபி ஆகாது. நடுநிலையான ஆய்வு லாபி ஆகாது. கருத்தரங்கு, விருது, பொதுமக்களுக்கு விளக்குவது இவையும் பெரும்பாலும் ஆகாது. அப்புறம் அந்தப் “பொதுச் செலவுக்கு”: பலரிடமிருந்து நன்கொடை வாங்கி நடக்கும் பொது அறநிறுவனங்களுக்கு ஓர் எல்லைக்குள் லாபி செய்ய உரிமை உண்டு. அவர்களுக்கு அறக்கட்டளை, இதற்கென்று குறிப்பிடாமல், பொதுச் செலவுக்குக் கொடுத்தால் அவர்கள் அதை வைத்து எதைச் செய்தாலும் அறக்கட்டளையின் தலையில் விடியாது. அதனால்தான் நோக்கக் கட்டம் அவ்வளவு வறட்சியாக இருக்கிறது, வக்கீல் சொல்லிக்கொடுத்த வறட்சி அது.

இந்தக் கதவுகள் எல்லாம் எங்கே திறக்கும் என்று பார்க்க எனக்குத் தெரிந்து பிளேபாய் ஃபவுண்டேஷனைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும், கணக்கு கணக்குதானே. பிளேபாய் என்பது சிகாகோவில் 1953 டிசம்பரில் ஹியூ ஹெஃப்னர் தொடங்கிய, பெண்களின் நிர்வாணப் படங்களுக்குப் பேர்போன பத்திரிகை, 1960-களில் கிளப், டிவி என்று பரவியது. பத்திரிகையில் ஹெஃப்னர் பேச்சுரிமை, பாலியல் சட்டங்கள் பற்றி நீளநீளமாக எழுதினார், 1963-ல் ஆபாச வழக்கில் கைதும் ஆனார், நடுவர் குழு ஒருமித்து முடிவெடுக்க முடியாமல் போனது. 1965-ல் அறக்கட்டளை வந்தது.

அது போட்ட பணத்தைப் பாருங்கள். 1970-ல் கீத் ஸ்ட்ரூப் என்ற இளம் வழக்கறிஞர் கஞ்சாச் சட்டங்களைச் சீர்திருத்த நார்மல் என்ற அமைப்பைத் தொடங்கியபோது, முதல் விதைப்பணம் இங்கிருந்து வந்த 5,000 டாலர். மூன்றே வருடத்தில், 1973-ல், சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து முதன்முதலாக எடுத்த மாநிலமாக ஆரிகன் ஆனது. அந்த 5,000 டாலரால்தான் இது நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் ஓர் அமைப்பு கருவில் இருக்கும்போது கொடுக்கும் சின்னத் தொகை, அது வளர்ந்தபின் கொடுக்கும் பெருந்தொகையைவிட எடை கூடியது என்பதைப் பட்டியலைப் படிக்கும்போது மறக்காதீர்கள். தொகையின் அளவை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் இந்த 5,000 உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும். (இன்றைய சட்டச் சூழலில் சட்டத்தை மாற்றுவதற்கென்றே பிறந்த அமைப்புக்கு ஓர் அறக்கட்டளை கொடுப்பதென்றால் அதன் வக்கீல் பத்துத் தடவை யோசிப்பார்.)

வழக்கு வழி: ரூத் பேடர் கின்ஸ்பர்க், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர், 1972-ல் ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமை அமைப்பில் பெண்ணுரிமைத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பிளேபாய் அறக்கட்டளையும் உண்டு. ஆய்வு வழி: பாலியல் மருத்துவத்தில் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரின் ஆராய்ச்சிக்கும் அங்கிருந்து பணம் போனது. விருது வழி: 1979-ல் ஹெஃப்னரின் மகள் கிறிஸ்டி தொடங்கிய பேச்சுரிமை விருது.

இப்போது இதைப் படிக்கும் உங்களுக்கு இரண்டு மனசு வரும், எனக்கும் வந்தது. ஒருபக்கம் பெண்ணுரிமை வழக்குகளுக்குப் பணம், மறுபக்கம் அந்தப் பணம் சம்பாதிக்கப்பட்ட விதம். 1963-லேயே பெண்ணியப் பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம் நியூயார்க் பிளேபாய் கிளப்பில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து உள்ளே நடப்பதை எழுதியவர். இந்தப் பணத்தைத் தொடலாமா என்ற சண்டை பெண்ணுரிமை அமைப்புகளுக்குள் பல வருடம் நடந்தது. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய மானியத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் வரைந்து, “இந்த வேலை ஜெயித்தால் நிறுவனத்தின் வியாபாரத்துக்கு ஆதாயமா?” என்று எழுதிப் பாருங்கள். பேச்சுரிமை விருதுக்குப் பக்கத்தில் ‘ஆம்’ என்றுதான் வரும். 1986-ல் ஆபாசப் படைப்புகளை ஆராய அமெரிக்க அரசு அமைத்த மீஸ் கமிஷன் கடைக்காரர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதும் செவன் இலெவன் என்ற சங்கிலிக் கடைகளிலிருந்து பத்திரிகை இறங்கியது, பிளேபாய் நீதிமன்றம் போய் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வைத்தது. பேச்சுரிமை என்பது அவர்களுக்குக் கொள்கை, கூடவே பிழைப்பு. பெண்ணுரிமை வழக்குகளுக்குப் பக்கத்தில் அவ்வளவு சுலபமாக விடை வராது. வராத இடங்களில் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், பிற்பாடு அந்த வரிகள்தான் மீண்டும் தோண்ட வேண்டிய இடங்களாக இருக்கும்.

மானியம் பெற்றவரின் பெயரையும் முழுசாகப் படிக்க வேண்டும். பிரசார அமைப்புகள் பலவும் இரட்டையர்கள். ஏ.சி.எல்.யூ. ஒன்று, ஏ.சி.எல்.யூ. ஃபவுண்டேஷன் வேறு. பாலினச் சிறுபான்மையினர் உரிமைக்காக நிற்கும் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் ஒன்று, அதே பெயரில் ஃபவுண்டேஷன் வேறு. ஒன்று தாராளமாக லாபி செய்யலாம், கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடையாது. மற்றது அறநிறுவனம், வரிக்கழிவு உண்டு, லாபிக்கு எல்லை உண்டு. பட்டியலில் கடைசிச் சொல் விட்டுப்போனால் கதையே மாறிவிடும்.

மற்ற பைகள்

1907-லிருந்து அமெரிக்க நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர்களுக்குத் தங்கள் கல்லாவிலிருந்து பணம் கொடுக்க முடியாது. அதற்குத்தான் ‘பேக்’. நிர்வாகிகளிடமும் பங்குதாரர்களிடமும் விருப்பத்தின் பேரில் வசூலித்த பணம், ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரை, உட்கட்சித் தேர்தலும் பொதுத் தேர்தலும் தனித்தனி என்பதால் 10,000 வரை போகும். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் நிறுவனப் பெயரைத் தட்டினால் எல்லாம் வரும். பெரும்பாலான கம்பெனிக் குழுக்கள் இரண்டு கட்சிக்கும் கொடுப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள், அது அங்கே சாதாரணம்; நாடாளுமன்றத்தின் எந்தக் கமிட்டியில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

லாபிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்.டி-2 என்ற படிவம். ஒரு பக்கம் திறந்து பாருங்கள்: மேலே நிறுவனப் பெயர், அந்தக் காலாண்டுச் செலவு பத்தாயிரம் டாலர் அளவில் முழுமையாக்கிய எண்ணாக, கீழே துறைக்கு மூன்றெழுத்துக் குறி. சி.பி.டி. என்றால் காப்புரிமை, டி.ஏ.எக்ஸ். என்றால் வரி. அதன் கீழே மசோதா எண், பேசப்போன லாபிக்காரர்கள் பெயர். அவர்கள் மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று மட்டும் இருக்காது! சட்டம் அதைக் கேட்கவில்லை. எனவே மசோதா எண்ணை எடுத்துக்கொண்டு போய் அது என்ன சொல்கிறது என்று நீங்கள்தான் படிக்க வேண்டும். ஸ்டூடியோக்களின் படிவங்களில் சி.பி.டி. அடிக்கடி வரும். காப்புரிமைக் காலத்தை 20 வருடம் நீட்டிய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு டிஸ்னி பின்னால் நின்றது ஊரறிந்த கதை, அதனால்தான் 1928-ல் வந்த முதல் மிக்கி மவுஸ் படம் 2024 ஜனவரி 1 வரை பொதுச் சொத்தாக முடியவில்லை. மோஷன் பிக்சர் அசோசியேஷன் என்ற சங்கம் 1922-லிருந்து இருக்கிறது, பெரிய ஸ்டூடியோக்கள் தனியாகச் செய்வது போக அதன் வழியாகவும் பேசுவார்கள். அதற்கும் தனி எல்.டி-2 உண்டு.

நான்காவது பைதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். மாநிலத் தேர்தல்களில் கம்பெனிகள் நேராகப் பணம் கொடுக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவில் கொடுக்கலாம், அந்த மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் யார் யாருக்கு என்று பட்டியல் இருக்கும். 2022-ல் டிஸ்னிக்கு நடந்தது இந்தப் பையிலிருந்துதான்.

அந்த வருடம் பிப்ரவரி கடைசியில், சிறு வகுப்புகளில் பாலின அடையாளம், பாலின ஈர்ப்பு பற்றிப் பாடம் நடத்துவதைத் தடுக்கும் மசோதா ஒன்று ஃபுளோரிடா கீழவையில் நிறைவேறியது. அந்த மசோதாவைக் கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் டிஸ்னி பணம் கொடுத்திருக்கிறது என்று ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகை எழுதியது. ஊழியர்கள் கொதித்தார்கள். மார்ச் 9 அன்று பங்குதாரர் கூட்டத்தில் தலைமை அதிகாரி பாப் சேப்பெக், ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் உள்ளிட்ட அமைப்புகளுக்கு 50 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். அன்றைக்கே அந்த அமைப்பு, உருப்படியாக எதையாவது செய்துவிட்டு வாருங்கள், அதுவரை உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஃபுளோரிடாவில் எல்லா அரசியல் நன்கொடையையும் நிறுத்திவைப்பதாக அறிவித்து மன்னிப்பும் கேட்டார் சேப்பெக். மார்ச் 28-ல் ஆளுநர் டிசாண்டிஸ் கையெழுத்திட்டார், அந்தச் சட்டம் நீக்கப்பட வேண்டும் என்று டிஸ்னி அறிக்கை விட்டது. ஏப்ரலில் ஆளுநர் பதிலடியாக, டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் இடத்தை நிர்வகிக்கும், 1967-லிருந்து டிஸ்னி கையில் இருந்த ரீடி கிரீக் சிறப்பு நிர்வாக மாவட்டத்தைக் கலைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில் சேப்பெக் போய், அவருக்கு முன் தலைமை அதிகாரியாக இருந்த பாப் ஐகர் திரும்ப வந்தார். 2023-ல் டிஸ்னி ஆளுநர் மேல் வழக்குப் போட்டது, 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது, மார்ச்சில் சமரசம் ஆனது.

இவ்வளவு பெரிய ரகளையில் முதல் பைக்கு வேலையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த வருடத்து அறக்கட்டளைப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் கட்டுரை எழுதியிருந்தால் குழந்தைகள் மருத்துவமனை, பள்ளி, கலை என்று அழகாக எழுதி முடித்திருப்பார்.

தேதிகளை எதிரெதிரே வையுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து நெடுவரிசை போடுங்கள், பைக்கு ஒன்று. இடது ஓரத்தில் தேதி. அறிவிப்பு, மானியம், வேட்பாளர் நன்கொடை, லாபி மசோதா, அவரவர் நெடுவரிசையில், அந்தந்த மாதத்தில். மேலிருந்து கீழே படித்தால் ஒன்றும் தெரியாது, குறுக்கே படியுங்கள். சர்ச்சை வெடித்த அதே வாரத்தில் ஒரு பெரிய நன்கொடை அறிவிப்பு, ஒரு மசோதா நாடாளுமன்றக் கமிட்டிக்கு வந்த அதே காலாண்டில் அந்தக் கமிட்டித் தலைவருக்கு 5,000 டாலர், இப்படிக் கண்ணில் பட ஆரம்பிக்கும். பட்டதெல்லாம் சதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் இருப்பது ஒன்று, காரணமாக இருப்பது வேறு, இதில் வழுக்கி விழுபவர்கள் ஏராளம்.

நிதியாண்டில் கவனம் தேவை. படிவத்தின் மேல் 2021 என்று அச்சாகியிருந்தால் அது 2021-ல் தொடங்கிய நிதியாண்டு, 2022-ல் முடிந்திருக்கலாம். டிஸ்னி கம்பெனியின் நிதியாண்டே செப்டம்பர் கடைசியை ஒட்டித்தான் முடிகிறது. கூடவே தாமதமும் உண்டு: நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றும் அறக்கட்டளை மறுவருடம் மே 15-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், கேட்டால் ஆறு மாதம் நீட்டிப்புக் கிடைக்கும், அது இணையத்தில் ஏற இன்னும் சில மாதம். எனவே இந்த வருட அறிவிப்பு உண்மையா என்று பார்க்க ஒன்றரை இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். நான் காலண்டரில் குறித்துவைத்துவிடுவேன். ஐந்து வருடத்தில் தருவதாக அறிவித்த தொகைகளை இப்படித்தான் பிடிக்க முடியும், மூன்றாம் வருடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

படிவம் இணையத்தில் கிடைக்காவிட்டால் அறக்கட்டளைக்கே எழுதலாம். கடைசி மூன்று வருடப் படிவங்களைக் கேட்பவருக்குக் காட்ட வேண்டும், எழுத்தில் கேட்டால் முப்பது நாளுக்குள் நகல் அனுப்ப வேண்டும் என்பது சட்டம், நகலெடுக்கும் செலவையும் தபால் செலவையும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாதீர்கள். அமைப்பின் பெயர், ஒன்பது இலக்க எண், எந்தெந்த வருடம், ‘இணைப்புகள் உட்பட’ என்ற சொல், உங்கள் முகவரி, இவ்வளவு இருந்தால் போதும். ‘இணைப்புகள் உட்பட’ என்பதை மறந்துவிட்டால் வரும் உறையில் முதல் சில பக்கங்கள் இருக்கும், மானியப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் “இணைப்பைப் பார்க்க” என்று மட்டும் இருக்கும்.